பதினோரு நாள் கோடு

கெமி துறைமுகம். வாரம் நாற்பத்தொன்று.
கன்டெய்னர் அறையில் ஹீட்டர் முனகுகிறது.
வாசற்கதவு அகலத்துக்குத் தாள் விழுங்கும் பிளாட்டர்
தொண்டையைச் செருமிக்கொண்டு
வெள்ளையாகக் கொஞ்சம் தள்ளுகிறது,
பிறகு யோசிக்கிறது.

முதல் பிரதி குப்பைக்கு.
இருநூற்றுப் பதினாறு வேலைகளையும்
ஒரே பக்கத்தில் அடக்கு என்றேன்.
அடக்கிவிட்டது.
எழுத்தெல்லாம் கசகசா.

அடுத்ததில் பக்கம் முறிந்த இடம் சரியில்லை:
கான்கிரீட் ஊற்றுவது ஒரு தாளில்,
அது இறுகுவது மறு தாளில்.
அதற்கும் அடுத்ததில் எல்லாம் பொருந்தி,
கடைசி வேலை மட்டும்
‘தளத்தைக் கூட்டி ஒப்படைத்தல்’
ஒரு முழுப் பக்கத்தில் தனியாக நின்றது,
பந்தி முடிந்தபின் வந்து சேர்ந்தவனைப் போல.

வேண்டாத பத்திகளைக் கழற்றினேன்.
நாட்களை அழித்து வாரங்களாக்கினேன்.
இங்கே தேதி யாருக்கு வேண்டும்?
பல் மருத்துவரிடம் போவதைக்கூட
‘நாற்பத்து நாலில்’ என்கிறவர்கள்.
வரிசை உயரத்தை ஒரு மயிரிழை கூட்டினேன்.
மூலையில் குறிவிளக்கப் பெட்டி.
சிவப்பு, தவறினால் எல்லாமே தவறும் பாதை.
நீலம், மற்றவை.

ஒவ்வொரு நீலத்துக்கும்
மெல்லிய கறுப்பு வால் ஒன்று உண்டு.
எத்தனை நாள் தள்ளிப்போனாலும் குடி முழுகாது
என்று சொல்லும் வால்.
எங்கள் மொழியில் அதன் பெயர் பெலிவரா:
விளையாட ஒதுக்கிய இடம்.

அதை நான் அச்சிடுவதில்லை.
பதினெட்டு வருடத் தொழிலில் தெரிந்துகொண்டது:
இருக்கிற நாளைக் காட்டினால்
இருக்கிற நாளைத் தின்றுவிடுவார்கள்.
அச்சுக்கு முன் ஒரு கட்டத்தில் டிக்கை எடுப்பேன்.
அவ்வளவுதான். பொய் ஒன்றும் இல்லை.
சுவரில் ஒட்டியதும் தாள் தானே பேசும்:
இன்றே. இல்லாவிட்டால் பனிக்கட்டி.

புதன்கிழமை டைவர் யால்மாரி வந்தான்.
சொட்டுகிற கையுறையோடு
வரிசை நூற்று நாற்பதைத் தேடினான்.
தகட்டுச் சுவரின் அடிப் பரிசோதனை,
நீருக்குள், ஆறு நாள்.
‘துலிக்கி, நடுவில் நாலு நாள்...’
காரணம் அவன் சொல்லவில்லை.
இங்கே அதைக் கேட்பது வழக்கமில்லை.
விரலை நீலத்தின் நுனிவரை நகர்த்தினான்.
அதன் காலடியிலேயே அடுத்த நீலம்.
இடமில்லை என்று தாள் சொல்லிவிட்டது.
நான் வாயே திறக்கவில்லை.
‘சரி’ என்றான்.
விரல் ஈரம் பட்டு
நாற்பத்திரண்டாம் வாரம் கொஞ்சம் ஊதாவாகியிருந்தது.

அவன் இறங்கிய இடத்தில் குமிழிகள் வந்தன.
கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.
திரையில் வரிசை நூற்று நாற்பது.
வால், பதினோரு நாள்.
ஒரு மனிதன் எனக்குத் தெரிந்த எண்ணுக்கு அடியில்
எட்டு மீட்டர் ஆழத்தில்.

கட்டத்தில் டிக்கை வைத்தேன்.
பிளாட்டருக்கு என்ன, அது பாட்டுக்கு அடித்தது.

மறுநாள் காலை தள மேலாளர் ஔலிஸ்
காபியோடு சுவரை நெருங்கி
‘கறுப்பாகக் கோடு கோடாக... மை கசிகிறதா?’ என்றார்.
‘இல்லை.’
நெடுநேரம் நின்றார்.
எவ்வளவு காலமாக என்று கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

யால்மாரி நாலு நாள் போனான்.
கிரேன்காரர் எலோ அதே சங்கிலியில் மூன்று எடுத்தார்,
மூஸ் வேட்டைக்கு, அதை மறைக்கவும் இல்லை.
இரண்டு நாளைக் காற்று கொண்டுபோனது.
நான் பயந்ததில் பாதி நடந்தது.
வாரம் நாற்பத்தேழில்
படகுத்துறை ஓரம் பால் ஏடு மாதிரி
முதல் பனி கட்டியது. எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம்.

யால்மாரி திரும்பி வந்த அன்று
தாளின் முன் நின்று, கையுறையைக் கழற்றிவிட்டு,
வாலை எண்ணிப் பார்த்தான்.
என்னைப் பார்க்காமல் சொன்னான்:
‘முன்பும் இருந்தது, இல்லையா.’
அது கேள்வி மாதிரி இல்லை.

இன்று புதுப் பிரதி.
மீதம் இரண்டு நாள்.
நகத்தளவுதான் வரும்.
தெரியட்டும் என்று கோட்டைக் கொஞ்சம் தடிமனாக்கினேன்.